சுவருக்குள் போன மாப்பிள்ளை

ஒரு மொழிபெயர்ப்பாளனைப் பிறர் முழுமையாக நம்ப வேண்டுமானால், அவர்களுக்கு மூலமொழி தெரியாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டால், அவனைப் போலச் சுதந்திரமான மனிதன் உலகில் வேறெவனும் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியில், ஜாலான் புசாருக்கு அருகே இருந்த ஒரு திரையரங்கில், இருபுறமும் இரண்டு முதியவர்கள் என் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டிருக்க, நான் இந்த உண்மையைப் பட்டறிந்தேன்.

இதை இப்போது எழுத வேண்டியதற்குக் காரணம் உண்டு. இந்நிகழ்ச்சி எங்கள் குடும்பத்தில் பல வடிவங்களில் உலவி வருகிறது. ஒரு வடிவத்தில் நான் இருக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டதாக வருகிறது. மற்றொன்றில் மயங்கி விழுந்து, பாப்கார்ன் விற்பவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததாக வருகிறது. இரண்டும் அப்பட்டமான கற்பனை. நான் இருக்கைக்கு அடியில் ஒளியவில்லை. (அங்கே இடமே இல்லை. அந்தக் காலத்து நாற்காலிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.) உண்மையில் நடந்தது என்ன என்பதை, என் தரப்பிலிருந்து, முறையாகப் பதிவு செய்துவிட விரும்புகிறேன்.

நான் அப்போது பட்டதாரி. இன்றைக்கு வீட்டுக்கு மூன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மரியாதை போய்விட்டது. அன்றோ பட்டதாரியாக இருப்பதே ஒரு முழுநேரப் பணி. நடக்கும்போதும் பட்டதாரியாக நடக்க வேண்டும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதும் பட்டதாரியாகப் பிரிக்க வேண்டும். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலில் வேறொரு பொறுப்பும் இருந்தது. பங்குத் தந்தை பிரெஞ்சுக்காரர். அவர் ஆங்கிலத்தில் நிகழ்த்தும் பிரசங்கத்தை, பக்கத்தில் நின்று, வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வேன்.

'சொல்வேன்' என்பது அடக்கமான சொல். பாதரின் ஆங்கிலம் எலும்பும் தோலுமாக இருக்கும். நான் அதற்குச் சதை வைப்பேன். ஒரு ஞாயிறு அவர், வண்டிகளை வாசலை மறைத்து நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். என் தமிழில் அது வெளிவந்தபோது, முன்வரிசையில் இருந்த தாய்மார்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். வழிமறிக்கப்பட்ட ஆன்மாக்களைப் பற்றி நான் ஏதோ சேர்த்திருந்தேன்.

அப்படிக் கண்களைத் துடைத்தவர்களுள் ஒருவர் மரியம்மாள். அவருடைய அண்ணன் சவரிமுத்து, துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவருமே மணம் செய்துகொள்ளாதவர்கள். பொங்கோலில், ரம்புத்தான் மரங்களுக்கு நடுவே, துத்தநாகத் தகரக் கூரை போட்ட பெரிய பழைய பலகை வீட்டில் வாழ்ந்தார்கள். (இன்றைக்குப் பொங்கோலில் அடுக்குமாடிகளும் உணவகங்களும் நீர்க்கரை நடைபாதையும் இருக்கின்றன. அன்றைக்குக் கோழிப்பண்ணை வாசம்தான்.) காலமாகிவிட்ட தம்பியின் மகளை இவர்கள் இருவரும் குழந்தையிலிருந்து வளர்த்திருந்தார்கள். அவள் பெயர் ரோஸ்லின். கான்வென்டில் படித்து, ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கடைசித் தகவலை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நான் இருத்திக்கொள்ளவில்லை.

ரோஸ்லினை மணந்துகொள்ள விரும்பினேன். பாதர் வழியாகப் பேச்சு போயிற்று. சவரிமுத்து ஐயா "பாப்போம்" என்றார். அந்தப் 'பாப்போம்' சாதாரணமானதல்ல. எனக்கு முன்பு வந்த ஒருவர் தேநீரைத் தட்டில் ஊற்றிக் குடித்ததற்காக நிராகரிக்கப்பட்டிருந்தார். மற்றொருவர் கூரையை நிமிர்ந்து பார்த்து "மழை பெஞ்சா சத்தமா இருக்குமே" என்று சொல்லியிருக்கிறார், அத்தோடு சரி. தங்கள் வீட்டைப் பற்றியோ, தங்கள் இருவரின் வாழ்க்கையைப் பற்றியோ ஒரு சொல் குறைவாக வந்தாலும், அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். பேச்சு முடிந்தது என்று பொருள்.

என்னை உட்காரவைத்துப் பேசிய அன்று சவரிமுத்து ஐயா சொன்னார்: "தம்பி, வீட்டுல ஒக்காந்து இருந்தா எல்லாரும் நல்லவந்தான். வெளியில வந்தாத்தான் மனுசன் தெரியும். நாலு பேரும் ஒரு நாள் எங்கயாச்சும் போய்ட்டு வருவோம்."

"படத்துக்குப் போவோம்" என்றார் மரியம்மாள். "ஆனா அண்ணன் தங்கச்சி படமா இருக்கணும். மத்த படமெல்லாம் பாத்தா நான் பாவசங்கீர்த்தனத்துல சொல்ல வேண்டியிருக்கும்."

அந்த வாரம் சிராங்கூன் சாலைப் பக்கத்தில் ஓடிய தமிழ்ப் படத்தின் விளம்பரத்தில் கத்தி, குதிரை, குளியல் காட்சி மூன்றும் இருந்தன. எனவே அது விலக்கு. அப்போதுதான் பேருந்தின் சன்னல் வழியாக அந்த ஆங்கிலப் பட விளம்பரத்தைக் கண்டேன். பழைய பெரிய வீடு. வாசலில் ஒரு கனவானும் ஒரு சீமாட்டியும் கைகோத்து நிற்கிறார்கள். கையில் ஒரு விளக்கு. கீழே எழுதியிருந்ததன் பொருள் இது: 'அவர்கள் அண்ணனும் தங்கையும். மரணத்தாலும் அவர்களைப் பிரிக்க முடியவில்லை.'

அறிவுள்ள எவனும் அந்த வரியைக் கண்டு சற்று நின்றிருப்பான். எனக்கோ உடல் சிலிர்த்தது. உடன்பிறந்தாரின் பாசத்தை மேலைநாட்டாரும் இவ்வளவு உயர்வாகப் போற்றுகிறார்களே என்று வியந்தேன். மரியம்மாளிடம் அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அவர் அந்த இடத்திலேயே அழுதுவிட்டார்.

"எங்களுக்கு இங்கிலீஷ் வராதே தம்பி" என்றார் சவரிமுத்து ஐயா.

"நான் இருக்கிறேனே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக விலையுயர்ந்த வாக்கியம் அதுதான்.

ஞாயிறு பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் காட்சிக்குப் போனோம். மொழிபெயர்ப்பு இருவருக்கும் எட்ட வேண்டும் என்பதால் நான் நடுவில் அமர்ந்தேன். வலப்புறம் சவரிமுத்து ஐயா. இடப்புறம் மரியம்மாள். அவருக்கு அப்பால் ரோஸ்லின். வெள்ளைக் கால்சட்டை அணிந்திருந்தேன். கையில் ஆரஞ்சுச் சாறு. முன்வரிசைகளில் சீன இளைஞர்கள் குவாச்சி விதைகளைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் தொப்பி அணிந்த ஒரு முஸ்லிம் அன்பர் தனியாக அமர்ந்திருந்தார்.

படம் தொடங்கியது. மூடுபனி. வீடு. கடிகாரம். மறுபடியும் மூடுபனி. அண்ணன் மாடிப்படியில் இறங்கினார். மிக மெதுவாக இறங்கினார். தங்கை கீழே நின்று அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் வளர்த்த ஒரு பெண் இருந்தாள், பெற்றோரை இழந்தவள். அவள் சன்னலருகே நின்று மூடுபனியைப் பார்த்தாள். நீண்ட நேரம் இவ்வளவுதான் நடந்தது. நடுவில் ஒரு கதவு தானாகத் திறந்துகொண்டது. அதை ஒரு சம்பவமாகக் கருதலாம்.

"அம்மாவும் அப்பாவும் இல்லாத அந்தப் பேதைப் பெண்ணைத் தம் கண்ணின் மணியெனக் காத்து வருகின்றனர் இவ்விருவரும்" என்று தொடங்கினேன்.

"எங்களப் போலயே!" என்றார் மரியம்மாள், நெஞ்சில் கை வைத்து.

"அதனால்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்" என்றேன். (அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட தன்னிறைவை இன்று நினைத்தாலும் கூசுகிறது.)

"ஏன் தம்பி மெழுகுவத்தி வச்சிருக்காங்க? இவ்ளோ பெரிய வூட்டுல கரண்டு இல்லியா?"

"சிக்கனமானவர்கள், அம்மா."

சவரிமுத்து ஐயா தலையசைத்தார். "அதான் சரி. வெளிச்சம் எதுக்கு? வூட்ல இருக்கற ஆளுங்களத் தெரியாதா?"

பிறகு ஓர் இளைஞன் வந்தான். நல்ல உயரம், நல்ல அங்கி, கையில் தொப்பி. அந்தப் பெண்ணை மணமுடிக்கக் கேட்டு வந்திருந்தான். நான் நிமிர்ந்து அமர்ந்தேன். இயற்கைதானே. அண்ணனும் தங்கையும் அவனை வரவேற்று மேசையில் அமர்த்தினார்கள். அண்ணன் சிரித்தார். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. தங்கை, திரும்பி நின்று, தன் கைப்பையிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுத்தார். கிண்ணத்தில் மூன்று சொட்டு விட்டார். பின்பு அண்ணனின் காதருகே குனிந்து, இவன் இந்த வீட்டை விட்டு ஒருபோதும் போகக்கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அரங்கம் மூச்சை அடக்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. பழைய வீட்டில் வாழும் அண்ணன் தங்கை. அவர்கள் வளர்த்த பெண். அவளைக் கேட்டு வந்தவனுக்கு நஞ்சு. இப்படிப்பட்ட ஒரு படத்துக்கு, பழைய வீட்டில் வாழும் ஓர் அண்ணனையும் தங்கையையும், அவர்கள் வளர்த்த பெண்ணையும் நானே அழைத்து வந்திருக்கிறேன். போதாக்குறைக்கு, உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தேன் என்றும் சொல்லியிருக்கிறேன். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவனே வெளியேற்றப்பட்டான். 'ஐயா, உங்களைப் பற்றி என் கருத்து இதுதான்' என்று வெள்ளித்திரை அளவில் சொல்பவனை என்ன செய்வார்கள்? ரோஸ்லின் எனக்கில்லை என்பது கண்முன் தெரிந்தது.

"என்ன சொல்றா அந்தம்மா?" என்று மரியம்மாள் என் முழங்கையை இடித்தார்.

பல ஆண்டுகளாகப் பாதருக்கு அருகில் நின்று பழகிய நாக்கு, என் அனுமதியைக் கேட்காமல் தானாகப் பேசியது.

"'தம்பி சாப்பிடாமல் போகவே கூடாது' என்கிறார்."

"பாத்தியாண்ணே! வெள்ளக்காரியா இருந்தாலும் மனசு இருக்கு."

பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. அந்த முஸ்லிம் அன்பர். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதை அந்தக் கனைப்பிலேயே உணர்ந்தேன்.

இளைஞன் குடித்தான். மேசை மீது சாய்ந்தான்.

"பயணக் களைப்பு" என்றேன்.

அடுத்த காட்சியில் அண்ணனும் தங்கையும் நிலவறையில் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தங்கை விளக்கைப் பிடிக்க, அண்ணன் சுண்ணாம்புக் காரையைப் பூசினார்.

"வீட்டைப் பழுதுபார்க்கின்றனர்."

"காண்டிராக்டர்கிட்ட விடாம தானே பூசறான் பாரு" என்று சவரிமுத்து ஐயா என் தொடையில் தட்டினார். "ஆம்பள! கரண்டி புடிக்கறதப் பாரு!"

"அந்தப் பையன் எங்க?" என்று கேட்டார் மரியம்மாள்.

இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. திரையில் கடைசிச் செங்கல் உள்ளே போனது.

"உயர்கல்வியின் பொருட்டு இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டான்."

"சொல்லிக்காமலா?"

"அதிகாலைக் கப்பல்."

பின்வரிசை அன்பர் இம்முறை கனைக்கவில்லை. முன்னால் குனிந்து, என் பிடரிக்கருகே கிசுகிசுத்தார்: "தம்பி, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அங்க ஓடற கதய விட இங்க ஓடற கத நல்லாருக்கு."

ரோஸ்லினை ஓரக்கண்ணால் பார்த்தேன். கைக்குட்டையை வாயில் அடக்கிக்கொண்டு, தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. உடன்பிறந்தார் பாசம் அவளை உருக்கிவிட்டது என்று நம்பினேன். (சத்தியமாக நம்பினேன்.)

எழுந்து போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன். "அம்மா, உங்களுக்கு அசதியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாமே" என்றேன். "ஐயோ, இதுங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம போனா எனக்குத் தூக்கம் வராது" என்றார். தெரிந்தால் வராது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பெண் சுவரில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து பிறாண்டும் ஓசை. அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும்.

"எலி" என்றேன்.

"பொங்கோல்லயும் இதே தொல்லதான்!" என்று சவரிமுத்து ஐயா, துறைமுகத்தில் பழகிய குரலில், அரங்கம் முழுவதும் கேட்கச் சொன்னார். "நாத்தம் புடிச்ச கருவாட்டப் பொறியில மாட்டி வைக்கணும்!"

முன்வரிசையிலிருந்து ஒரு சீன இளைஞன் திரும்பினான். "அங்கிள், சைலன்ட் லா!"

"ஸாரி, ஸாரி" என்றேன். என் பட்டத்தின் மதிப்பு அந்த இருட்டில் ஒரு படி இறங்கியது.

இனி, அந்தக் காட்சி. குடும்பத்தில் உலவும் எல்லா வடிவங்களுக்கும் மூலகாரணமான காட்சி.

அந்த இளைஞன் மறுபடியும் வரக்கூடும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. எனவே முன்னெச்சரிக்கையாக ஒரு வாக்கியத்தை மனத்தில் ஆயத்தமாக வைத்திருந்தேன்: 'கல்வி கேள்விகளில் சிறந்தோனாய், தாயகம் திரும்பினான்.' எப்போது வந்தாலும் சொல்லிவிடலாம். படத்தில் நீண்ட அமைதி. கடிகாரம். மூடுபனி. அந்தப் பெண் விளக்குடன் நிலவறைக்கு இறங்கினாள். சுவரைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பினாள். நான் மூச்சை விட்டு, ஆரஞ்சுச் சாற்றை உறிஞ்சப் போனேன்.

சுவர் வெடித்தது. முழுத் திரைக்கும் ஒரு முகம். சுண்ணாம்பாய் வெளுத்து, கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கண்கள் இல்லாமல், வாய் மட்டும் திறந்திருந்த முகம்.

ஆயத்தமாக வைத்திருந்த வாக்கியம் வெளிவரவில்லை. வெளிவந்தது: "ஐயோ மாதாவே!"

அதை நான் சொன்னேன் என்று சொல்வது பொருந்தாது. அது என்னை விட்டுக் கிளம்பிப் போயிற்று. அரங்கிலிருந்தோர் யாவரும் அலறினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அலறி முடித்த பிறகும் என் அலறல் தனியாகத் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆரஞ்சுச் சாறு என் வெள்ளைக் கால்சட்டையில் இடம் தேர்ந்து கவிழ்ந்தது. இரண்டு கால்களும் நாற்காலி மேல் இருந்தன. சவரிமுத்து ஐயாவின் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்தேன். பேய்ப்படம் பார்க்கிறோம் என்பதே தெரியாத அந்த இரண்டு முதியவர்களும் அமைதியாக அமர்ந்திருந்தார்கள். பேய்ப்படம் என்று அறிந்திருந்த நான் மட்டும் இந்த நிலையில்.

முன்வரிசை இளைஞர்கள் பேயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவன் "அலாமாக்!" என்றான்.

பின்வரிசை அன்பர் என் தோளைத் தட்டினார். "என்ன தம்பி, லண்டன்லேர்ந்து வந்தவர இப்புடியா வரவேக்கறது?"

மரியம்மாள் திரையைப் பார்த்து வாயில் கை வைத்தார். "ஐயோ பாவமே! போன எடத்துல சோறு தண்ணி இல்லாம எப்படி வெளுத்துப் போய்ட்டான் பாருண்ணே!" பின்பு என்னைப் பார்த்தார். என் கண்களில் நீர். (பயத்தில் கண்ணீர் வருவது உடலியல், கோழைத்தனம் அல்ல.) அவர் முகம் கனிந்தது. இடுப்பிலிருந்து தைலம் மணக்கும் கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்தார்.

"அழாதீங்க தம்பி. அதான் திரும்பி வந்துட்டானே."

படத்தின் முடிவில் வீடு தீப்பற்றி எரிந்தது. அண்ணனும் தங்கையும் கைகோத்தபடி சன்னலில் நின்றார்கள். அவர்கள் ஊடாகப் பின்சுவர் தெரிந்தது. நூறாண்டுகளுக்கு முன்பே இறந்தவர்கள் என்று யாரோ ஒரு கிழவர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் சொற்கள் தீர்ந்துபோயிருந்தன.

"வூட்ட ஏன் கொளுத்தறாங்க?" என்றார் சவரிமுத்து ஐயா.

"அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது. பழைய வீட்டை அழிக்கிறார்கள். மாற்று வீடு கிடைத்துவிட்டது."

வாயை விட்ட பிறகுதான் புரிந்தது. பொங்கோலிலும் அந்தப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சவரிமுத்து ஐயா எரியும் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் எடுத்துட்டானா?" என்றார், மெல்ல. "எத்தனாவது மாடியாம்?"

"ஒன்பதாவது."

"லிப்டு நிக்குமா அந்த மாடியில?" (அந்தக் காலத்து அடுக்குமாடிகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்பதில்லை.)

"நிற்கும், ஐயா."

"அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டார். அன்று நான் சொன்ன பொய்களில் இந்த ஒன்றுக்காக மட்டும் வருந்தவில்லை.

வெளியே வெயிலில் அந்த முஸ்லிம் அன்பர் எங்களுக்காகவே காத்திருந்தார். என் கால்சட்டையை மரியாதையுடன் பார்க்காமல் தவிர்த்தார். சவரிமுத்து ஐயா, யாரைக் கண்டாலும் பேசுபவர், "படம் எப்படி பாய்?" என்று கேட்டுவிட்டார். என் எதிர்காலம் அந்த மனிதரின் தாடிக்குள் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். ரோஸ்லினைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"நான் பாத்த படத்த விட நீங்க பாத்த படம் ரொம்ப நல்ல படம்ங்க" என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நடந்தார். அவரைப் பின்னர் நான் சந்தித்ததே இல்லை. என் செபங்களில் அவருக்கு நிரந்தர இடம் உண்டு.

பொங்கோல் போகும் பேருந்தில், நாளிதழை மடியில் விரித்து ஆரஞ்சுக் கறையை மறைத்தபடி அமர்ந்திருந்தேன். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ரோஸ்லின், முன்னிருக்கையிலிருந்து திரும்பினாள்.

"அவரு லண்டன்ல எந்தக் காலேஜ்ல படிச்சாரு?"

அவள் ஆங்கில ஆசிரியை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பேருந்து எங்கோ கீழே போவது போலிருந்தது.

"சட்டக் கல்லூரி" என்றேன்.

"ஓ. பாஸ் பண்ணிட்டாரா?"

"மூஞ்சியப் பாத்தா பெயிலானவன் மாதிரிதான் இருந்துச்சு" என்றார் மரியம்மாள்.

ரோஸ்லின் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய காதுகள் சிவந்திருந்தன.

அந்த வாரம் முழுவதும் அலுவலகத்தில் நான் எதையும் உருப்படியாகச் செய்ததாக நினைவில்லை. ஒரு சொல் போதும் அவளுக்கு. 'அத்தை, அந்தப் பையனைக் கொன்னுட்டாங்க' என்று ஒரே ஒரு சொல். சனிக்கிழமை வரச் சொல்லிச் செய்தி வந்தது. கறை போகாத கால்சட்டைக்குப் பதில் கறுப்பு அணிந்து சென்றேன். துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினேன்.

வீட்டுக் கூடத்தில் அண்ணனும் தங்கையும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். எழவில்லை. நல்ல அறிகுறி.

"தம்பி" என்றார் மரியம்மாள், "எத்தனையோ அண்ணன் தங்கச்சி படம் பாத்திருக்கேன். எத்தனையோ ஆம்பளைங்க பக்கத்துல ஒக்காந்திருக்காங்க. ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி வந்ததில்ல. நீங்க கதறிட்டீங்க. அண்ணனக் கட்டிப் புடிச்சிக்கிட்டுக் கதறிட்டீங்க. உங்களுக்கு எளகின மனசு. எங்க புள்ளய நல்லா வச்சிக்குவீங்க."

"கழுத்து இன்னும் வலிக்குது" என்றார் சவரிமுத்து ஐயா, பெருமையாக.

என்னை ரோஸ்லினுடன் இரண்டு நிமிடம் பேச அனுமதித்தார்கள். வாசல் கதவு திறந்திருக்க, ரம்புத்தான் மரத்தடியில். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பயந்துதானே கத்துனீங்க?"

"காட்சியின் உணர்ச்சிப் பெருக்குக்கு ஆட்பட்டு..."

"மிஸ்டர் அருளப்பன்."

வகுப்பில் கடைசி இருக்கையில் பேசுபவனை எழுப்பும் குரல் அது.

"பயந்துதான்" என்றேன்.

"அத்தைகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவங்க அழுத அழுகைக்கு அந்தப் படமே நன்றி சொல்லணும். நீங்க அவங்களுக்கு என்ன கதை வேணும்னாலும் சொல்லிக்குங்க. ஆனா எங்கிட்ட ஒரிஜினல் மட்டுந்தான். சம்மதமா?"

பாதருடன் பழகிய இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு சுருக்கமான நிபந்தனையை நான் கேட்டதில்லை. சேர்ப்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. "சம்மதம்" என்றேன்.

இத்துடன் முடிந்திருந்தால் என் மானம் ஓரளவேனும் தப்பியிருக்கும். ஆனால் மரியம்மாள் அந்தப் படத்தைப் பங்கில் இருந்த எல்லாத் தாய்மார்களிடமும் பரிந்துரைத்துவிட்டார். மாதா சபையைச் சேர்ந்த ஒரு பெருங்கூட்டம், பேரப்பிள்ளைகளோடு, பலகாரப் பொட்டலங்களோடு, அந்தத் திரையரங்குக்குப் படையெடுத்தது. திரும்பி வந்தவர்கள் நேராகக் கோயிலுக்குச் சென்று தீர்த்தம் வாங்கி வீட்டில் தெளித்தார்களாம். மறுநாள் மரியம்மாளிடம் சண்டைக்கு வந்தார்கள்.

"என்ன படம்டீ அது! செவுத்துலேர்ந்து பொணம் வருது!"

"பொணமா? லண்டன்லேர்ந்து வந்த புள்ளடீ அது! உங்களுக்கு யாரு தமிழ்ல சொன்னா?"

"எங்க பேரன்தான். இங்கிலீஷ் ஸ்கூல்ல படிக்கிறான்."

"சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? எங்க மாப்ள காலேஜ் படிச்சவரு!"

செய்தி பாதரை எட்டிற்று. என்னை அழைத்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவரோ வெளிறிப்போய் அமர்ந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இத்தனை ஆண்டுகளாக இந்தக் கோயிலில் தாம் என்னதான் பிரசங்கம் செய்திருக்கிறோம் என்று. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு முதல் காணிக்கைத் தட்டு ஏந்தும் பணி எனக்கு அளிக்கப்பட்டது. அதற்கு மொழி தேவையில்லை.

திருமணம் அதே பாதரால் இனிதே நடத்திவைக்கப்பட்டது. வாக்குறுதிகளை மட்டும் வேறொருவர் மொழிபெயர்த்தார்.

எண்பதுகளில் பொங்கோல் வீடு உண்மையிலேயே போயிற்று. அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அத்தையும் பெரியப்பாவும் வந்து சேர்ந்தார்கள். (திருமணத்துக்குப் பின் ரோஸ்லின் அழைக்கும் முறையிலேயே நானும் அவர்களை அழைத்து வந்தேன்.) லிப்ட் எங்கள் மாடியில் நிற்கவில்லை, பெரியப்பா அதற்கு என்னை ஒருபோதும் குறை சொன்னதில்லை. வீடியோ கேசட் காலம் அது. ஒரு பள்ளி விடுமுறையில் என் மகள் எங்கிருந்தோ அதே படத்தின் கேசட்டைக் கொண்டுவந்தாள். குடும்பமே கூடத்தில் அமர்ந்தது. அத்தை மகிழ்ச்சியில் கைதட்டினார். "மாப்ள, நடுவுல ஒக்காருங்க!"

ரோஸ்லினைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தொண்டை வறண்டு போய்விட்டதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன்.

"பரவால்ல, எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் அத்தை.

பிறகு நடந்ததை விவரிப்பது கடினம். பள்ளிக்கூடம் போயிராத அந்த அம்மையார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், என் பிள்ளைகளுக்குப் படம் முழுவதையும் மொழிபெயர்த்தார். என் சொற்களில். ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். "உயர்கல்வியின் பொருட்டு இலண்டன் மாநகருக்குப் புறப்பட்டுச் சென்றுவிட்டான்" என்று அவர் சொன்னபோது, என் தமிழ் எனக்கே எவ்வளவு கம்பீரமாகக் கேட்டது!

"நோ லா பாட்டி" என்றாள் என் மகள். "அவன சுவருக்குள்ள வச்சு மூடிட்டாங்க. ஹீ இஸ் டெட்."

"உனக்கு இங்கிலீஷ் பத்தாது. உங்கம்மாவக் கேளு."

எல்லாரும் ரோஸ்லினைப் பார்த்தார்கள். நானும்தான்.

"அத்தை சொல்றதுதான் சரி" என்றாள் ரோஸ்லின். "அவரு சட்டக் கல்லூரி."

அந்த நேரத்தில் சுவர் வெடித்தது. வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். எப்போது வெடிக்கும், யார் வருவார், எந்த நிறத்தில் வருவார் எல்லாம் தெரியும். இருந்தும், முதல் முறை எழுப்பிய அதே ஒலியை, அதே சுருதியில் எழுப்பினேன். மேசை மீதிருந்த கச்சான் கடலைத் தட்டு கவிழ்ந்தது. இம்முறை என் கைக்குள் அகப்பட்டது என் மகளின் கழுத்து.

"பாத்தீங்களா!" என்று அத்தை பிள்ளைகளைப் பார்த்து, பெருமை பொங்கச் சொன்னார். "எத்தன தரம் பாத்தாலும் உங்க அப்பாவுக்குத் தாங்காது. அவ்ளோ எளகின மனசு!"

பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். அன்று தொடங்கியது. இன்று எங்கள் குடும்பத்தில் பயம் என்ற சொல்லே கிடையாது. பல்லியைக் கண்டு நாற்காலி மேல் ஏறுபவருக்கு இளகின மனசு. பல் மருத்துவரிடம் போகாமல் தள்ளிப்போடுபவருக்கு இளகின மனசு. தேர்வு முடிவைத் திறந்து பார்க்கத் தயங்கும் பேத்திக்கு, இரண்டு தலைமுறையாக வந்த இளகின மனசு.

சென்ற மாதம் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கச் சென்றிருந்தேன். துணைக்கு ரோஸ்லினும் மகளும். தாதி பிலிப்பைன்ஸ் நாட்டவர்; நல்ல பெண். ஊசியை உயர்த்தினார். நான் சுவரிலிருந்த நாட்காட்டியை மிகுந்த அக்கறையுடன் படிக்கத் தொடங்கினேன்.

"பாரு, உங்கப்பாவோட எளகின மனசு எப்படி வேர்க்குதுன்னு" என்றாள் ரோஸ்லின், மகளிடம், தமிழில். இருவரும் சிரித்தார்கள்.

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று தாதி என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

நாங்கள் மணமான நாளிலிருந்து நான் எந்த மருத்துவமனையிலும் கண்ணிமைத்ததே இல்லை என்று சொல்லிப் பெருமைப்படுகிறார் என மொழிபெயர்த்தேன். தாதி நெகிழ்ந்துபோய் ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்றார். என் மகள் அறையை விட்டு வெளியே ஓடினாள். ரோஸ்லின், நாற்பது ஆண்டு ஆங்கில ஆசிரியை, தாதிக்கு மிக அழகான ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள், வேறெதுவும் சொல்லவில்லை.